ஒருவழிக் கம்பி

என் தங்கை ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்வேன், அவளும் மறுக்கமாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பேங்கிலிருந்து யாராவது போன் செய்தால் பட்டென்று வைத்துவிட்டு, கார்டின் முதுகில் இருக்கும் நம்பருக்கு இவளே கூப்பிட்டு, "இப்ப என்கிட்ட பேசினது நீங்கதானா?" என்று விசாரிப்பாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படியா, இல்லை எனக்கு வாய்த்தது மட்டும் இப்படியா என்று என் மனைவியிடம் கேட்பேன். "உங்களை மாதிரி கண்ணை மூடிட்டு நம்பற ஆள் இருக்கற வீட்டுல அப்படி ஒருத்தி இருக்கறது நல்லதுதான்" என்பாள். அவர்கள் இருவரும் எப்போதும் ஒரு கட்சி.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவன். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தவன். அதனால் பயத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு கிட்னியும் கைவிரித்த பிறகுதான் என் வண்டவாளம் எனக்கே தெரிந்தது.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தங்கை வேலை பார்க்கும் அதே சென்டரில்தான். அவள் மாடியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பாள். நான் கீழே ஜன்னலோர நாற்காலியில் இடது கையை நீட்டிக்கொண்டு கிடப்பேன். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியே ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்றின் வழியே சுத்தமாகித் திரும்பி வரும். பார்க்க வருகிறவர்கள் மெஷினைப் பார்த்துத்தான் மலைப்பார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நானும் கேட்டதில்லை. தங்கைதான் சொன்னாள். மெஷினுக்குள் ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு இந்தப் பக்கம் என் ரத்தம், அந்தப் பக்கம் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கிருமியைக் கொல்ல அதில் போடுகிற குளோரின் அந்தச் சவ்வைத் தாண்டி வந்துவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதற்காகப் பின்பக்கத்துத் தண்ணீர் அறையில் ஆளுயரக் கரித்தொட்டிகள் நிற்கின்றன. கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது போக மிச்சம் எவ்வளவு என்று ஒரு கருவி அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவைப் படித்து, எல்லை மீறினால் மணியடிக்க வேண்டியது மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரின் வேலை.

அதை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பழுத்துப்போன மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி, தொந்தி வைத்த ஸ்கிரீன். தொட்டிகளைச் செய்து கொடுத்த கம்பெனி இழுத்து மூடியாகிவிட்டது. அவர்கள் எழுதிய புரோகிராம் அந்தப் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்களோ, இனிமேல் இதில் ஓட்டை கண்டுபிடித்தால் நாங்கள் அடைக்கமாட்டோம் என்று எப்போதோ கைகழுவிவிட்டார்கள். நெட்வொர்க், இன்டர்நெட் எதிலும் சேராமல் தானுண்டு தன் வேலையுண்டு என்று அது ஓடிக்கொண்டிருந்தது.

சென்டரின் சொந்தக்காரரான பெரிய டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் தண்ணீரின் அளவைத் தன் போனில் பார்க்க வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அளைந்துகொண்டே இருந்தாள்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஒரு வெப் சர்வர் போடச் சொல்றாருண்ணா."

"போடேன். அதுக்கு எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க?"

"எதைப் போடறது? இப்ப வர்ற நல்ல சர்வர் ஒண்ணும் அதுல ஏறாது. ஏறக்கூடிய பழசெல்லாம் ஓட்டை. எந்த ஓட்டை எங்க இருக்கு, எப்படி உள்ள போகணும்னு இன்டர்நெட்லயே எழுதி வச்சிருக்கான்."

"சர்வர்னா நம்ம ஹோட்டல் சர்வர் மாதிரிதானே?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அதே மாதிரிதான். கேட்டதை எடுத்துட்டு வந்து மேஜைல வைக்கணும். அவ்ளோதான் வேலை. வந்தவன் யாருன்னே பாக்காம சமையல்கட்டுக்குள்ள விட்டுட்டா? நீ சாப்பிடற தட்டுண்ணா அது." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் இதே பேச்சு. கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சர்வரையும் குலம் கோத்திரம் விசாரித்தாள். உலகமே பயன்படுத்துகிற ஒன்று இருந்தது. அதன் புதுப் பதிப்பு இந்தப் பழைய பெட்டியில் இறங்கவே மறுத்தது, இறங்கிய பழைய பதிப்பில் ஓட்டைகள். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு கூடவே வந்த சர்வர் ஒன்று. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவள் காதைப் பொத்திக்கொள்வாள். கடைசியாக, எங்கேயோ இருக்கிற ஒரு தனி ஆள் பழைய கம்ப்யூட்டர்களுக்காகவே எழுதி, இன்றைக்கும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும் சின்ன சர்வர் ஒன்று கிடைத்தது. அந்த ஆளுக்கு மெயில் அனுப்பினாள். நல்ல மனிதர், பதில் போட்டிருந்தார். என் சர்வருக்கு நான் பொறுப்பு, அது நிற்கிற தரைக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தாராம்.

"அப்பாடா, மாப்பிள்ளை கிடைச்சாச்சு" என்றேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் காயலான் கடையிலிருந்து அதே மாதிரி ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அதே ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதே சின்ன சர்வர். என் போனில் அது காட்டும் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். குளோரின் 0.03 என்று, எல்லைக்குள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் பச்சை எழுத்தில் இருந்தது. "இதையே பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் காப்பியைக் குடித்துக்கொண்டே பார்த்தேன். 0.03 இருந்தது. கொஞ்ச நேரத்தில் 0.00 ஆனது. பிறகு 9.99. பிறகு நம்பரே போய், அந்த இடத்தில் "அண்ணா, பல் தேச்சியா?" என்று வந்தது.

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வெற்றி முகமாக இருப்பாள் என்று பார்த்தால் முகம் வெளிறிக் கிடந்தது.

"சர்வர் நல்ல சர்வர்தாண்ணா. நான் அது வழியா வரல. கீழ இருக்கற சிஸ்டம் வழியா வந்தேன்."

"இதுக்குன்னு எவ்ளோ நாள் படிச்ச?"

"படிக்கவே இல்ல. இன்டர்நெட்ல சும்மா கிடந்ததை எடுத்து ஓட்டினேன். யார் வேணா ஓட்டலாம்."

அந்த 0.03-க்கும் என் கையில் இருக்கிற ஊசிக்கும் நடுவே வேறு யாருமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிற, என் பேர்கூடத் தெரியாத ஒருத்தன், பொழுது போகவில்லை என்று மணியை அணைத்து வைத்துவிட்டுப் போகலாம். அன்றிலிருந்து அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தேன்.

அவள் கண்டுபிடித்த வழி என்னைப் போன்ற மண்டைக்கே புரிந்தது. அந்தப் பழைய புரோகிராம் ஒவ்வொரு அளவையும் பிரிண்டருக்கு ஒரு வரியாக அனுப்பும். பிரிண்டர் எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் அது அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. பிரிண்டர் இருந்த இடத்தில் ஒரு சின்னப் புதுக் கம்ப்யூட்டரை வைத்து அந்த வரிகளை வாங்கிக்கொள்வது. சர்வர் பழசில் வேண்டாம், புதுசில் இருக்கட்டும். அதற்கு வேண்டிய திருத்தங்கள் தவறாமல் வரும். நடுவில் போகும் கேபிளில் பேசுவதற்கு ஒரு கம்பி, கேட்பதற்கு ஒரு கம்பி. கேட்கிற கம்பியைக் கட்டிங் பிளேயரால் என் கண்ணெதிரே வெட்டினாள்.

"இனிமே அது பேசும். அதுகிட்ட யாரும் பேச முடியாது. காதே கிடையாது."

"உங்க அண்ணி மாதிரியா?" என்றேன். சமையலறையிலிருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது. அந்த மாதத்தில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெரிய டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் கிழட்டுப் பெட்டி அவ்வப்போது மூச்சு வாங்கும். அடுத்த வரி வரத் தாமதமானால் போனில் தெரியும் பக்கத்தில் நம்பருக்குப் பதிலாக வெறும் கோடுகள் வரும். ஏதோ கூட்டத்தில் நாலு டாக்டர்களுக்கு நடுவே அவர் பெருமையாகப் போனை நீட்டியபோது, பாழாய்ப்போன கோடுகள் வந்து தொலைத்தன. போனிலேயே தங்கையைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். "கோடு கோடா வருது. என் சென்டர்ல தண்ணியே இல்லன்னு நினைக்கமாட்டானா?"

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "அடுத்த நம்பர் வர்ற வரைக்கும் பழைய நம்பரையே காட்டட்டுமாண்ணா?"

"காட்டித் தொலை. அந்த ஆள் வாயை அடைக்கணும்ல" என்றேன். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுக்கும் யார் வெளியிலிருந்து உள்ளே வருவான் என்பதிலேயே கண். பூட்டின் மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அடுத்த நம்பர் வரவே வராமல் போனால் என்ன என்று தோன்றவில்லை.

அந்த வெப் பக்கத்தைப் பெரிய டாக்டர் தலைமேல் தூக்கி வைத்து ஆடினார். டயாலிசிஸ் கூடத்தில் நாங்கள் சீரியல் பார்க்கிற டிவியைப் பிடுங்கி அதிலும் அந்தப் பக்கத்தையே போடச் சொல்லிவிட்டார். பச்சை நிறத்தில், ஒரு முழ உயரத்துக்கு, 0.03. பக்கத்து நாற்காலி டீச்சரம்மாவுக்கு வந்ததே கோபம். ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர். சீரியலில் மருமகள் வீட்டை விட்டுப் போகிற கட்டத்தில் டிவியைப் பறிகொடுத்திருந்தார். "உக்காந்து தண்ணிக் கணக்கு பாக்கணுமாம். நான் பாக்காத கணக்கா?" என்று புலம்பினார்.

பொழுது போக வேண்டுமே. கடைசி எண் ஒரு நிலையில் நிற்காது. மூன்று இரண்டாகும், நாலாகும், மறுபடி மூன்றாகும். அடுத்தது என்ன வரும் என்று நானும் டீச்சரம்மாவும் பந்தயம் கட்ட ஆரம்பித்தோம். ஜெயித்தவர் தோற்றவரைப் பார்த்து நாக்கைத் துருத்தலாம். அதுதான் பரிசு.

அந்த வெப் பக்கத்தால் இன்னொரு ஆளுக்கும் ஓய்வு கிடைத்தது. டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பேர் மின்னல். அவ்வளவு மெதுவாக நடப்பான். முன்பெல்லாம் எங்களுக்கு ஊசி போடுவதற்கு முன் அவன் தண்ணீர் அறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, பொடி போட்டுக் குலுக்கிப் பார்ப்பான். நிறம் மாறாமல் இருந்தால் நல்லது, ரோஸ் ஆனால் குளோரின். டிவியில் நம்பர் வந்ததிலிருந்து குப்பி தினமும் என்பது எப்போதாவது என்றாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. கேட்டால், "ஸ்கிரீன்லதான் பச்சையா இருக்கே சார்" என்பான். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒருநாள் நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. டீச்சரம்மாவுக்கு முன்பே ஏற்றிவிட்டிருந்தார்கள். நர்ஸ் எனக்கு ஊசி குத்தி மெஷினை ஓடவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். டீச்சரம்மா என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினார்.

"இன்னிக்கு என்கிட்ட வாலாட்டாதீங்க. காலைல இருந்து ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன். மூணுன்னா மூணு."

"அப்படியா? இப்ப நாலு வருது பாருங்க."

மூன்று.

"ரெண்டு."

மூன்று. அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் நெளிந்தார். "முதுகு பிடிச்சுக்கிச்சு. நாற்காலியை மாத்தச் சொல்லணும்" என்றார்.

நான் அடுத்த எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன், நிறுத்தினேன். இத்தனை மாதமாக ஒரு நிமிடம்கூடச் சும்மா இராத எண் அது. உற்றுப் பார்த்தேன். மூன்று. கண்ணை மூடித் திறந்தேன். மூன்று. தங்கை அன்றைக்குக் கேட்டது ஞாபகம் வந்தது. 'பழைய நம்பரையே காட்டட்டுமாண்ணா?'

"மின்னல்! இங்க வா!"

ஆடி அசைந்து வந்தான்.

"அந்த நம்பர் மாறவே இல்ல."

"மாறாம இருந்தா நல்லதுதானே சார்?"

"டேய், அது இப்போதைய நம்பர் இல்லடா. எப்பவோ வந்தது. போய்க் குப்பியில பிடிச்சுப் பாரு."

"பச்சையா இருக்கு பாருங்க. ஏதாவதுன்னா மணி அடிக்கும் சார். நீங்க டென்ஷன் ஆனா பிரஷர் ஏறும்." என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்த வழியே நடந்தான்.

நான் டீச்சரம்மாவின் ட்யூபைப் பார்த்தேன். எங்கள் ரத்தம் ட்யூபில் போகும்போது கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். ட்யூபின் மறுபக்கம் தெரியாது. அவருடைய ட்யூபில் அது அணுக்கள் உடைந்து திராட்சை ஜூஸ் மாதிரி பளபளவென்று தெளிந்து ஓடியது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என் முதுகிலும் வலி ஆரம்பித்திருந்தது; அது வலியா, பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செத்துவிடுவேன் என்று தோன்றியது.

மெஷினில் ரத்தப் பம்பை நிறுத்தும் பட்டன் எது என்று தெரியும். நர்ஸ் அமுக்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எக்கி என்னுடையதை அமுக்கினேன். பம்ப் நின்றது, மெஷின் கத்தத் தொடங்கியது. வலது கையை நீட்டி டீச்சரம்மாவின் மெஷினையும் அமுக்கினேன்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்று அவர் என் கையில் ஓர் அடி போட்டார். அந்த அடியில் பலமே இல்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். "யாரைக் கேட்டு சார் நிறுத்தினீங்க?" கிளட்சை விடத் தெரியாதவர்களைப் பார்த்துக் கத்துகிற குரலில் கத்தினேன். "குப்பி! குப்பியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க! இல்லன்னா ஊசியை நானே பிடுங்கி எறிஞ்சிடுவேன்!" கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மின்னல் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தண்ணீர் பிடித்து வந்தான். என் முகத்துக்கு நேரே பொடியைப் போட்டுக் குலுக்கினான், உனக்குத் திருப்தியா என்கிற மாதிரி. குலுக்கி முடிப்பதற்குள் தண்ணீர் ரோஸ் ஆகிவிட்டது. வெளிர் ரோஸ் இல்லை, அப்பட்டமான ரோஸ். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவன் ஓடியதைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினான்.

ஒவ்வொரு மெஷினாக நிறுத்தினார்கள். "வெளியில இருக்கற ரத்தம் கெட்டுப்போச்சு, திருப்பி ஏத்தாதீங்க, ட்யூபைக் கிளாம்ப் போட்டு அடைங்க" என்று தலைமை நர்ஸ் கத்தினாள். என் ரத்தம் ட்யூபோடு சேர்ந்து குப்பைப் பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரோ அழுதார்கள். யாரோ வாந்தியெடுத்தார்கள், அது நானாகவும் இருக்கலாம். டீச்சரம்மாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் கண்கள் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

தங்கை படியில் தடதடவென்று இறங்கி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தனை களேபரத்துக்கும் மேலே டிவியில் பச்சையாக 0.03. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேயறைந்தது போல நின்றவள் திரும்பித் தண்ணீர் அறைக்கு ஓடினாள். கிழட்டுப் பெட்டியில் புரோகிராம் அப்படியே உறைந்துபோயிருந்ததாம். ஸ்கிரீனில் கடிகாரமும் நின்று கிடந்ததாம். கரி தீர்ந்துபோனதை அளக்கிற கருவி சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, கேட்டு மணியடிக்கத்தான் ஆளில்லை.

என்னை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். டீச்சரம்மாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் என் மனைவி தட்டில் போட்டு வைத்தால் தங்கை சாப்பிட்டாள், போடாவிட்டால் இல்லை. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இத்தனை பயந்தவள் இதற்குப் பயப்படாமல் போனாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. கூடவே என் குரலும் காதில் கேட்டது. காட்டித் தொலை.

பெரிய டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். தங்கை, மின்னல், நான். அவர் முகமும் கறுத்துத்தான் இருந்தது, மனிதர் தூங்கியிருக்கமாட்டார்.

"அந்த ஒருவழிக் கம்பியை முதல்ல பிடுங்கி எறி. வெளியில ஒரு கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டாங்க. அந்தக் கம்ப்யூட்டரையே நெட்ல போட்டு, அதுலயே சர்வர் வச்சுத் தர்றாங்களாம். உயிரோட இருக்கியான்னு கேட்டா அது பதில் சொல்லணும். கேக்கறதுக்கு வழியே இல்லாம காதை அறுத்து வச்சிருக்க நீ."

"அது மட்டும் வேணாம் டாக்டர்" என்றாள் தங்கை.

"நீ பேசாத." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. செத்துப் பிழைச்சவர் நீங்க. நீங்க சொல்றபடி செஞ்சுடறேன்."

அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், அவளைத் தவிர. அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடுங்கச் சொன்னால் இந்த அறையில் எல்லோருக்கும் நிம்மதி. அதற்கு அப்புறம் எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து என் தண்ணீரில் கைவைக்கலாம். வேண்டாம் என்றால், இன்னொரு தடவை ஏதாவது ஆனால் அந்தப் பழி முழுக்க அவள் தலையில் விழும், என் தலையிலும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது.

"கம்பி பொய் சொல்லல டாக்டர்" என்றேன். "நம்பர் வரலன்னா வரலன்னு அது கோடு போட்டுக் காட்டிச்சு. நீங்க திட்டினீங்க. காட்டித் தொலைன்னு நான் சொன்னேன். இவ செஞ்சா. மூணு பேரும் சேர்ந்துதான் அதை மறைச்சோம். கம்பி இருக்கட்டும். நம்பர் வரலன்னா வரலன்னு காட்டட்டும், கூடவே ஒரு மணியும் அடிக்கட்டும். குப்பியில பாக்காம யாருக்கும் ஊசி குத்தக் கூடாது."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நீங்க மறுபடியும் இங்கயே வந்து உக்காருவீங்களா?" என்றார். அவர் சவால் விடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வேணாம்" என்று தங்கை குறுக்கே பாய்ந்தாள். "நீ வேற சென்டருக்குப் போயிடுண்ணா. நான் இருக்கற இடத்துல நீ வேணாம். என்னால முடியாது." அப்போதுதான் அழுதாள். மின்னலும் சேர்ந்து அழுதான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதை ஆமாம் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது டீச்சரம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. கண் விழித்துவிட்டார், பேச்சு இன்னும் சரியாக வரவில்லை என்று நர்ஸ் சொன்னாள். டிவியை அணைத்து வைத்திருந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டினேன். நர்ஸ் பஞ்சை எடுத்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஓடினாலும் ரத்தம் என்னோடுதானே வரும்.

குப்பியை எடுத்துக்கொண்டு வந்தது மின்னல் இல்லை, தங்கை. மின்னல் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் என் முன்னால் நின்று பொடியைப் போட்டுக் குலுக்கினாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் குப்பியை இறக்கவில்லை. நர்ஸ் ஊசியோடு காத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாற்காலிகளில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"போதும்டி. நிறம் மாறல."

"இன்னும் கொஞ்ச நேரம்ணா."

வேறு ஒரு நாளாக இருந்தால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருப்பேன். அவளோடு சேர்ந்து நானும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.